தீர்ப்புக்குப் பின் மழை

பத்து வயதில் ஒரு சாயங்காலம் நான் அரசனாக இருந்தேன். பெண்பிள்ளை அரசனாவதா என்று தெருவில் சிலர் கேட்டதுண்டு. ஆனால் அந்த வேஷத்துக்கு வந்த பையன்களில் ஒருவனுக்கும் ‘செங்கோல்’ என்ற சொல் தடுக்காமல் வரவில்லை. எனக்கு வந்தது. குரலும் இருந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால், கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருந்த அப்பா அங்கிருந்து எட்டிப் பார்ப்பார். இவை போக, உலகத்தில் எது சரி எது தப்பு என்பதிலும் எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் கிடையாது. ஓர் அரசனுக்கு வேறென்ன வேண்டும்?

நாடகத்தை எழுதியவர் சித்தப்பா. எங்கள் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். பகலில் நாற்காலிகளை எண்ணுவார். மாலையில் மனிதர்களைத் திருத்துவார். இலக்கியம் என்பதே மனிதனைத் திருத்துவதற்காக ஏற்பட்டது என்பது அவருடைய கொள்கை. சாப்பிட உட்கார்ந்தால் அதன் சரித்திரத்தைத் தொடங்கிவிடுவார். ஆதியில் நீதியைப் பாட்டாகக் கட்டினார்கள், சனம் மனப்பாடம் செய்தது. அப்புறம் ராஜா வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் மக்காக இருந்ததால் நரியையும் காக்கையையும் பேசவிட்டார்கள். அப்புறம் கூத்துக் கட்டி, கெட்டவனை இரவெல்லாம் ஆடவிட்டு விடிகிற நேரத்தில் கொன்றார்கள். பாதிரிமார் வந்து புனிதர்கள் கதையைச் சொன்னார்கள். பிறகு அச்சு வந்தது, நாவல் வந்தது, சினிமா வந்தது. “எல்லாத்துக்கும் வேல ஒண்ணுதான். நீதி சொல்லாத கத, உப்பு போடாத கருவாடு. ரெண்டே நாள்ல நாறிடும்” என்பார். அம்மா, “சோறு ஆறுது” என்பாள்.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. இப்போது நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறேன். இலக்கியமும் அறமும் என்று எங்களுக்கு ஒரு தாளே உண்டு. அந்தப் பாடத்திட்டத்தை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது, சித்தப்பாவின் சாப்பாட்டு நேரத்துப் பேச்சை யாரோ அலகு அலகாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அவருடைய வரிசையில் பிழையே இல்லை. கதைகள் மனிதரைத் திருத்தும் என்பதையும் நான் மாணவர்களிடம் தயங்காமல் சொல்வேன், கண்ணால் பார்த்தவள் என்பதால். யாரைத் திருத்தும் என்பதை மட்டும் எழுதியவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட முடியாது.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. எனக்கு அத்தை. உழவர்கரைப் பக்கம் ஒரு காலனியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் கோடைவிடுமுறை தொடங்கிய சமயத்தில் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போகவில்லை. அத்தை லீவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு என்னைவிட நீண்ட லீவு விடுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டானது, அவ்வளவுதான். நான் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோவதையும், அத்தை எழுந்து பாத்திரம் கழுவப் போவதையும் கவனித்தேன். கவனித்ததை வைத்து நான் எடுத்த முடிவு, எங்கள் வீட்டில் பாத்திரங்கள் அதிகம் என்பது.

எங்கள் தெரு நற்பணி மன்றத்தின் ஆண்டுவிழாவுக்கு வருடாவருடம் சித்தப்பாதான் நாடகம் எழுதுவார். அந்த வருடத்துக் கதை இது: ஒரு நாட்டில் மழை பொய்த்துவிடுகிறது. பயிர் கருகுகிறது. அறம் எங்கேயோ தவறியிருக்கிறது என்று அமைச்சர் சொல்கிறார். விசாரித்துப் பார்த்தால், ஒரு பெண் கணவன் வீட்டை விட்டுப் பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அரசன் அவளைச் சபைக்கு அழைத்து நீதி சொல்கிறான். அவள் தன் பிழையை உணர்ந்து அழுது, கணவன் வீட்டுக்குத் திரும்புகிறேன் என்கிறாள். அரசன் தீர்ப்புச் சொல்லிச் செங்கோலைத் தரையில் தட்டுகிறான். வானம் திறந்து மழை கொட்டுகிறது. திரை.

மன்றத்து நாடகங்களில் பெண் வேஷத்தை மீசை முளைக்காத பையன்களுக்குக் கொடுப்பதே வழக்கம். இந்த முறை சித்தப்பா, அத்தைதான் நடிக்கவேண்டும் என்றார்.

“பள்ளிக்கூடத்துல நாடகத்துக்குக் கப்பு வாங்குனவ நீ. வேற யாரு பண்ணுவாங்க?”

அத்தை கையெழுத்துப் பிரதியை வாங்கி, பிரிட்ஜ் பக்கத்தில் நின்றபடியே முழுவதும் படித்தாள். படித்து முடித்துத் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள்.

“இந்தப் பொண்ணு ஏன் ஊட்ட உட்டு வந்தா, சின்னண்ணா?”

“அது கதைக்குத் தேவயில்ல.”

“யாருமே அவளக் கேக்கலையே. ராஜா கேக்கல, மந்திரி கேக்கல.”

“ஆளாளுக்குக் காரணம் சொல்ல ஆரம்பிச்சா நீதி எங்கேருந்து வரும்? அரமணி நேரந்தான் குடுத்திருக்காங்க” என்றார் சித்தப்பா.

மறுநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டே அத்தை, “நடிக்கிறேன்” என்றாள். சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இலக்கியம் வேலைசெய்யத் தொடங்கிவிட்டது என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

மொட்டைமாடியில் ஒத்திகை நடந்தது. அமைச்சர் பக்கத்து வீட்டுப் பையன். அவனுக்கு வசனம் குறைவு, கடைசியில் வருவது ‘உத்தரவு அரசே’ மட்டும். எனக்கு வசனம் அதிகம், ஒரு எழுத்துப் பிசகாது. அத்தைக்கும் எல்லாம் மனப்பாடம். ஆனால் கடைசி வசனம் வந்தால், “பிழை செய்தேன் அரசே என் இடம் என் கணவர் வீடே” என்பதைப் பஸ் கண்டக்டர் நிறுத்தங்களைச் சொல்வதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள்.

“உணர்ச்சியோட சொல்லும்மா” என்பார் சித்தப்பா.

“மேடையில வரும்ணா” என்பாள் அத்தை.

அரசனுக்கு உடை தந்தவர் எதிர்வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பித்தளைப் பொத்தான் வைத்த அவருடைய பழைய கோட்டு எனக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கியது. எந்த நாட்டு அரசன் அப்படி உடுத்தினான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைக் கழற்ற நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

மழை அப்பாவின் பொறுப்பு. கடையில் ஏணி இருந்ததாலும், மேடை விளக்குகளை எப்படியும் அவர்தான் பார்க்கவேண்டும் என்பதாலும் அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். மேல்திரைக்குப் பின்னால் ஏணியில் உட்கார்ந்து, நான் ‘இதுவே என் தீர்ப்பு’ என்றதும் பூவாளியைச் சாய்க்கவேண்டும். அப்பா அதிகம் பேசமாட்டார். சித்தப்பா பேசும்போது தலையாட்டுவார், அம்மா பேசும்போதும் தலையாட்டுவார். மழைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

விழா அன்று தெருமுனைக் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முதல் வரிசையில் சொல்தா தாத்தா தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி மாமா, அதாவது அத்தையின் கணவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா. எங்கள் நாடகத்தைப் பார்க்க உழவர்கரையிலிருந்து வந்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன்.

“தெரியும்” என்றாள் அத்தை. கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஏற்பாடு என்னவென்று பல வருடம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். மாமாவை அழைத்தவர் சித்தப்பா. நாடகம் முடிந்து, ஊர் முன்னால் தன் வாயாலேயே திரும்பிப் போகிறேன் என்று சொல்லி, மனம் இளகியிருக்கும் நேரத்தில் அத்தையை அப்படியே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவது. துணிமணிகளை அம்மா மடித்துப் பையில் வைத்து மேடைப் படிக்கட்டருகே கொண்டுவந்து வைத்திருந்தாள். அந்தப் பையை நானும் பார்த்தேன். அத்தைக்கு மாற்று வேஷம் இருக்கிறது போலும், என்னிடம் சொல்லவில்லையே என்று சிறிது வருத்தப்பட்டேன்.

நாடகம் நன்றாகப் போனது. வறட்சிக்குச் சனம் உச்சுக்கொட்டியது. அமைச்சர் தடுமாறினாலும் விழவில்லை. அத்தை சபைக்கு வந்து கைகூப்பி நின்றாள். நான் நீதியைச் சொன்னேன். கற்பு, கடமை, குலப்பெருமை என்று சித்தப்பா எழுதிக்கொடுத்த நீண்ட வசனம். மூச்சு விடும் இடங்களைக்கூட அவர் குறித்துத் தந்திருந்தார். முடித்துவிட்டுக் கேட்டேன்:

“பெண்ணே, நீ செய்தது பிழை என்று உணர்கிறாயா?”

அத்தை பதில் சொல்லவில்லை.

பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து சித்தப்பா, “பிழை செய்தேன் அரசே” என்று எடுத்துக்கொடுத்தார். அத்தை அசையவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் உரக்க எடுத்துக்கொடுத்தார். அது மூன்றாவது வரிசை வரை கேட்டு, அங்கே யாரோ சிரித்தார்கள். அத்தை முதல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசனம் மறந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஆனால் அரசன் நான். சபையைக் காப்பாற்ற வேண்டியவள் நான். அவளுக்குப் பிடித்தமாக ஏதாவது கேட்டால் மற்றது தானாக நினைவுக்கு வந்துவிடும் என்று யோசித்தேன். பிரிட்ஜ் பக்கத்தில் நின்று அவள் கேட்டது சட்டென்று ஞாபகம் வந்தது.

“பெண்ணே,” என்றேன், முடிந்தவரை கம்பீரமாக, “நீ ஏன் வீட்டை விட்டு வந்தாய்?”

அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததில்லை, ஒரு பெரிய ஆளைப் பார்ப்பதுபோல.

“அரசே, அந்த வீட்டுக் கதவைக் காலையில் வெளியே பூட்டிவிட்டுப் போவார். மாலையில் வந்துதான் திறப்பார்.”

நல்ல நாடகத் தமிழ். இப்படி ஒரு வசனம் இருப்பது எனக்குத் தெரியாது என்றாலும், சரியான பாதைக்கு வந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது.

“ஏன் பூட்டினார்?”

“சன்னலில் நின்று வேற்று ஆணோடு பேசினேன் என்றார். காய்கறி வண்டிக்காரரிடம் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டேன், அரசே.”

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. அதன் பிறகு அத்தையின் தமிழ் மாறிவிட்டது. எங்கள் சமையலறையில் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

“ஒரு நாள் அடுப்புல கேஸ் டியூப்பு பத்திக்கிச்சு. ஈரச் சாக்கப் போட்டு அமுக்கிக்கிட்டே கத்தறேன். அக்கம்பக்கத்துக்காரங்க ஓடியாந்து நிக்கறாங்க, வெளியில பூட்டு தொங்குது. சன்னல் வழியாதான் தண்ணி ஊத்துனாங்க. அவரு வந்து கதவத் தொறந்தாரு. தொறந்துட்டு மொதல்ல என்னா கேட்டாரு தெரியுமா? சன்னல யாரு தொறந்ததுன்னு கேட்டாரு.”

அரசர் காலத்தில் கேஸ் அடுப்பு ஏது என்று எனக்கு ஒரு கணம் உறுத்தியது. பெரிய மனது பண்ணி அதை விட்டுவிட்டேன்.

“இத எங்கண்ணி கிட்ட சொன்னேன். அண்ணனுங்களுக்கும் தெரியும். எல்லாரும் அனுசரிச்சிப் போன்னாங்க. இதான் நான் வந்த காரணம்” என்று சொல்லி நிறுத்தினாள் அத்தை.

நான் அமைச்சரைப் பார்த்தேன். அவன் பயந்துபோய், மிச்சமிருந்த ஒரே வசனத்தைச் சொன்னான்: “உத்தரவு அரசே.”

உத்தரவு கொடுக்கவேண்டியதாகிவிட்டது. கணவன் வீட்டுக்குப் போ என்று சொல்லத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் வசனத்தில் அவள் முதலில் பிழையை ஒப்புக்கொள்ளவேண்டும்; அவளோ ஒப்புக்கொள்ளவில்லை. பூட்டின வீட்டுக்குள் தீப்பிடித்தால் யார் மேல் தப்பு என்பது பத்து வயதில் கடினமான கேள்வியும் அல்ல.

“இந்தப் பெண் எங்கே இருக்க விரும்புகிறாளோ அங்கே இருக்கட்டும். அந்தக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து அரண்மனை அடுப்பில் வையுங்கள். இதுவே என் தீர்ப்பு” என்று செங்கோலைத் தட்டினேன்.

மழை வரவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். அப்பா ஏணி உச்சியில் பூவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே திரை மறைவில் சித்தப்பா, வேண்டாம் வேண்டாம் என்று அவருக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கீழே நின்ற தங்கையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டு, எங்கள் வாசலில் நின்று கடைக்குக் கேட்கும்படி கூப்பிடும் குரலில் மறுபடி சொன்னேன்:

“இதுவே என் தீர்ப்பு!”

அப்பா பூவாளியைச் சாய்த்தார்.

கொஞ்சமாக ஊற்றினால் போதும் என்று ஒத்திகையில் சொல்லியிருந்தார்கள். அவர் முழுவதையும் ஊற்றினார். அத்தை விலகவே இல்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முதல் வரிசையில் சொல்தா தாத்தா எழுந்து நின்று, “த்ரே பியேன்” என்றார். ரொம்ப நன்று என்று பொருள். அதைச் சொல்லிவிட்டு அவர் கைதட்ட, மண்டபம் முழுவதும் தட்டியது. மழையில்லாத நாட்டின் கதையை அரைமணி நேரம் பார்த்த சனத்துக்கு, மழை பெய்துவிட்டால் தீர்ப்பு சரி என்பதில் சந்தேகம் வரவில்லை. அந்தக் கணக்கை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் சித்தப்பாதான்.

மாமாவும் அவருடைய அக்காவும் பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார்கள். படிக்கட்டருகே இருந்த பையை அம்மாவே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் கோட்டைக் கழற்றாமல் முன்னால் நடந்தேன்.

அத்தை அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. சில வருடம் வழக்கு நடந்து விவாகரத்து கிடைத்தது. அதற்குள் அவள் மேட்டுப்பாளையத்தில் மாத்திரை அட்டை கட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, ஸ்கூட்டர் ஓட்டப் பழகி, ஷிப்டுக்குப் பொறுப்பாளராகிவிட்டாள். அந்த வேலையை விசாரித்துச் சொன்னவர் சித்தப்பா. நாடகத்தைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை; ஆனால் தினமும் காலையில் தன் வண்டியில் அவளைக் கம்பெனி வாசல்வரை கொண்டுபோய் விட்டார், அவள் சொந்த வண்டி வாங்கும்வரை. ஆண்டுவிழாவுக்கு எழுதுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தியிருந்தார். மறுபடி எழுதியபோது அது வாடகை வீடு தேடும் ஒருவனைப் பற்றிய நகைச்சுவை நாடகம். அதில் நீதி எதுவும் இல்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சித்தப்பா மட்டும் திருப்தியில்லாத முகத்தோடு மண்டபத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

இவையெல்லாம் பிற்பாடு. நாடகத்தன்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கிருந்த கவலைகள் வேறு. யாரும் என்னைப் பாராட்டவில்லை. அம்மா அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. அத்தை ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு பரிமாறினாள். அவள் வசனம் மறந்ததைப் பற்றிப் பேசி அவளை வருத்தப்படுத்தக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அப்பா செய்தது அப்படியல்ல. அவருக்கு இருந்ததே ஒரு வேலை.

“தீர்ப்புன்னு சொன்னவொடனே ஊத்தணும்னு எத்தன தடவ சொன்னேன்பா? ரெண்டு தடவ கத்த வெச்சிட்டீங்க” என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “ஆமாம்மா. லேட்டு பண்ணிட்டேன்” என்றார், என்னைப் பார்த்து அல்ல.

ரசக் கரண்டியோடு நின்ற அத்தை, “பரவால்ல அண்ணா, பெஞ்சுதுல்ல” என்றாள்.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுபோயிற்று. அத்தை ரசம் ஊற்றாமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பூவாளித் தண்ணீர் கொஞ்சம் தாமதமாக விழுந்ததற்காகப் பெரியவர்கள் இரண்டு பேர் இப்படித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றியது. அரசர்கள் அப்படி இருக்கக் கூடாது. கோட்டுக் கையை மடித்து விட்டுக்கொண்டு, “சரி, போனாப் போவுது, அடுத்த வருஷம் கரெக்டா ஊத்துங்க” என்று இருவரையும் மன்னித்து, ரசத்தை நானே ஊற்றிக்கொண்டேன்.